விதி எண் பதினாலு

தொலைபேசி அடித்தது.

திங்கட்கிழமை. காலை பத்து இருபது. தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின், ஊர் வாயில் 'கரஸ்' ஆபீஸின், இரண்டாவது மாடி. தேர்வு ஒழுங்குப் பிரிவு.

மேஜையில் அசைன்மென்ட் கட்டுகள் கழுத்து உயரத்துக்குக் குவிந்திருந்தன. அந்தக் குவியலுக்கு நடுவே கையை விட்டு ஒரு பெண்மணி ரிசீவரைத் தேடி எடுத்தார்.

பிரிவின் கண்காணிப்பாளர். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருட சர்வீஸ். மாணவர் கையேட்டில் இருக்கிற அத்தனை விதிகளையும் எண்ணோடு ஒப்பிப்பார் என்பதால் 'விதி மேடம்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவரும் 'ம்' கொட்டப் பழகிவிட்டார்.

"அக்கா... நான்தான்."

தம்பி. காவல் ஆய்வாளர். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"என்னடா, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"வீட்ல ஒண்ணுமில்லக்கா. இது டூட்டி விஷயம். உங்க ஸ்டூடண்ட் ஒருத்தர் செத்துட்டார். நேத்து சாயங்காலம். பதிவு எண் சொல்றேன், எழுதிக்கோ."

எழுதினார். நாலாவது இலக்கத்தில் பேனா நின்றது.

அந்த எண் அவருக்குத் தெரியும்.

"அக்கா... லைன்ல இருக்கியா?"

"சொல்லு."

"வயசு நாப்பத்திரண்டு. ஒரு கம்பெனியில விற்பனை அதிகாரி. சோபாவுல சாய்ஞ்ச மாதிரியே கிடந்தார். தூக்க மாத்திரை. முப்பதுக்கு மேல இருக்கும், பொடி பண்ணி ஜூஸ்ல கலந்திருக்கு. மனைவி வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்காங்க. பக்கத்துல ஒரு லெட்டர்."

"என்ன எழுதியிருக்கார்?"

"அது எதுக்குக்கா இப்ப?"

"படிடா. நான் என்ன பச்சைக் குழந்தையா?"

படித்தான்.

"'காப்பி அடித்தேன் என்று எனக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். விலகிக்கொள்கிறேன் என்று கெஞ்சியும் விடவில்லை. புதன்கிழமை எல்லார் முன்னாலும் கூனிக் குறுகி நிற்க என்னால் முடியாது. என் சாவுக்கு அந்த அலுவலகம்தான் காரணம்.' அவ்வளவுதான்க்கா."

விதி மேடம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பதினோரு நாளைக்கு முன்னால் அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டது அவர்தான். விலகிக்கொள்கிறேன் என்று கேட்டபோது 'முடியாது' என்று சொன்னதும் அவர்தான்.

"ஃபார்மாலிட்டிக்கு ஒண்ணு வேணும்" என்றான் தம்பி. "லெட்டர்ல இருக்கிறது அவர் எழுத்துதானான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும். அவர் ஆபீஸ்ல எல்லாமே கம்ப்யூட்டர். வீட்லயும் கையால எழுதினது ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. உங்ககிட்ட அசைன்மென்ட் இருக்கும்ல?"

"இருக்கு" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நானே எடுத்துட்டு வர்றேன்."

*

விஷயம் இதுதான்.

நிர்வாகவியல், இறுதியாண்டு. 'தலைமைப் பண்பு' என்கிற பாடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் அசைன்மென்ட் அனுப்பியிருந்தார்கள். அதைத் திருத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. அவர் கண்ணுக்கு எறும்பின் கால் முட்டியும் தப்பாது.

இரண்டு கட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஒன்று கையால் எழுதியது. இறந்துபோனவருடையது. இன்னொன்று டைப் செய்தது. யாரோ ஒரு மாணவி.

பதில்கள் வேறு வேறு. ஆனால் சொல்லுகிற உதாரணங்கள் ஒன்று. சுற்றிச் சுற்றி வருகிற யோசனை ஒன்று. ஒரு வரி மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

'எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில், பேசுகிறவரின் குரல் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும்.'

எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத வரி. யாரோ ஒருவர் சொந்தமாக எழுதியது. இன்னொருவர் எடுத்துக்கொண்டது.

இரண்டு பேருக்கும் நோட்டீஸ் போனது. இருவர் முடிவுகளும் நிறுத்திவைக்கப்பட்டன. புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரடி விசாரணை.

போன வியாழக்கிழமை அந்த விற்பனை அதிகாரி போனில் வந்தார்.

"மேடம், எனக்கு இந்தக் கோர்ஸே வேணாம். விலகிக்கறேன். விட்டுடுங்க."

"விசாரணை நிலுவையில இருக்கும்போது விலக முடியாது சார். விதி ஒன்பது. வந்து உங்க பக்கத்தைச் சொல்லுங்க. அந்த இன்னொருத்தரும் வருவாங்க."

"யார் அது?"

"புதன்கிழமை நேர்லயே பார்ப்பீங்க."

போன் பட்டென்று வைக்கப்பட்டது. அந்தச் சத்தம் இப்போதும் விதி மேடத்தின் காதில் இருந்தது.

*

டைரக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நோட்டீஸ்ல யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"என்னோடது இல்லையே?"

"உங்க ஒப்புதல் அடுத்த பக்கத்துல இருக்கு சார்."

"அந்தப் பக்கம் வேற ஃபைல்ல இருக்கட்டும்."

விதி மேடம் ஃபைலை மூடினார்.

"பாருங்கம்மா... பத்திரிகைக்காரங்க வந்துட்டா நாறிப்போயிடும். விளக்கம் எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து லீவு போட்டுடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மத்தது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். சஸ்பென்ஷன் ஆர்டர்.

மதியம் காவல் நிலையத்தில் தம்பியின் மேஜை மேல் அசைன்மென்ட் கட்டைப் பிரித்து வைத்தார். கையெழுத்து நிபுணர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். பத்து நிமிடம். நிமிர்ந்தார்.

"சந்தேகமே இல்ல. சாய்வு, அழுத்தம், ஒற்றுப்புள்ளி வைக்கிற இடம்... எல்லாம் ஒரே கை. லெட்டர் எழுதினவர்தான் இதையும் எழுதியிருக்கார்."

"அப்ப தற்கொலைதான்" என்றான் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்தான். "சாப்பிட்டியாக்கா?"

"பசிக்கல."

"நீ உன் வேலையைத்தானே செஞ்சே?"

"அதைத்தான்டா நானும் எனக்குச் சொல்லிட்டிருக்கேன். உள்ள போக மாட்டேங்குது."

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ நோட்டீஸ். எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒருத்தர்கூட உயிரை விட்டதில்லை.

*

புதன்கிழமை. பதினோரு மணி.

விசாரணை அறையில் நாற்காலிகள் காலி. ஒருவர் இறந்துவிட்டார். அந்த மாணவியையும் காணோம். விதி மேடம் அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினார்.

நாலாவது ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. எண்ணெய் வைக்காத தலை. கையில் பிளாஸ்டிக் உறை.

"இறப்புச் சான்றிதழ் கொண்டு வந்திருக்கேன் மேடம். அவரோட மனைவி."

விதி மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க."

"பரவாயில்ல, சீக்கிரம் போகணும்" என்றார். ஆனாலும் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டைப் செய்த மனு ஒன்றை நீட்டினார். கீழே கையெழுத்து மட்டும்.

"அம்மா... அந்த நோட்டீஸ் அனுப்பினது நான்தான். தெரியணும் உங்களுக்கு."

"தெரியும் மேடம். உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல."

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. சிலருக்கு அழுகை வரத் தாமதமாகும் என்று விதி மேடத்துக்குத் தெரியும்.

"அவருக்கு இந்தப் பாடத்துல எஃப் போட மாட்டோம்மா. டபிள்யூன்னுதான் வரும். விலகினவர்னு அர்த்தம். அவர் பேருக்கு ஒரு களங்கமும் இருக்காது."

அந்தப் பெண் தலையை ஆட்டினார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு யாரோ பதில் சொன்னதுபோல.

பிறகு கேட்டார்.

"பதினாலாவது விதி, மூணாவது உட்பிரிவு. விசாரணை முடியறதுக்குள்ள ஒருத்தர் இறந்துட்டா கேஸை மூடிடணும். சரிதானே மேடம்?"

விதி மேடம் நிமிர்ந்தார். இத்தனை வருட சர்வீஸில் ஒரு மாணவரும் அவரிடம் விதியை எண்ணோடு சொன்னதில்லை. மாணவரின் மனைவி சொல்கிறார்.

"சரிதான்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான். ஒருத்தரைக் கேட்காம இன்னொருத்தரைத் தண்டிக்க முடியாதே."

"அதை எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுப்போம். ரெண்டு நாள் ஆகும்."

அந்த விதியை எழுதியதே விதி மேடம்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவன் சாலை விபத்தில் போய்விட்டான். அவன் அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மகன் காப்பி அடித்தானா என்று கேட்டார்கள். அந்த மனிதர் பதில் சொல்லாமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதிய உட்பிரிவு அது.

அந்தப் பெண் எழுந்தார். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று விதி மேடத்துக்குத் தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா எழுதுவாரும்மா. 'எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில், பேசுகிறவரின் குரல் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும்'னு ஒரு வரி. எத்தனையோ வருஷமா பேப்பர் பார்க்கறேன். அப்படி ஒரு வரி நான் படிச்சதில்ல."

அந்தப் பெண் அப்படியே நின்றார்.

முகம் மாறியது. காய்ந்த கன்னத்தில் மெல்ல ஒரு நிறம் ஏறியது.

"நல்லாயிருக்கா மேடம்?" என்றார். "நிஜமாவா?"

அடுத்த கணமே தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

விதி மேடம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்த முகத்தை அவருக்குத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். மார்க் வந்துவிட்டது என்று கேள்விப்படுகிற மாணவரின் முகம்.

புருஷன் எழுதியதைப் பாராட்டினால் பெண்டாட்டிக்கு வருகிற முகம் அது இல்லை.

*

பதிவறை தரைத்தளத்தில் இருந்தது. தூசி, இரும்பு அலமாரி, பழைய தாளின் புளித்த வாசனை.

அசைன்மென்ட்டை வீட்டிலிருந்து எழுதி அனுப்பலாம். ஆனால் பரீட்சை அப்படியல்ல. ஹாலில் உட்கார வேண்டும். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

அசைன்மென்ட்டைத் திருத்துகிறவர் ஒருவர். விடைத்தாளைத் திருத்துகிறவர் வேறொருவர், அதுவும் பதிவு எண்ணை மறைத்து வேறு எண் போட்டு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிறவர் இந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை.

இன்றைக்கு ஒருவர் வைத்துப் பார்த்தார்.

அசைன்மென்ட்டில் முத்து கோத்தது போன்ற எழுத்து. வலப்பக்கம் சாய்ந்து, நிதானமாக.

விடைத்தாளில் கோழி கிளறிய மண்.

இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று கண் தெரியாதவர்கூடச் சொல்ல மாட்டார்.

விதி மேடம் சுவரில் சாய்ந்தார். செல்போனை எடுத்தார்.

"தம்பி... அந்த லெட்டர் எழுத்து அசைன்மென்ட்டோட ஒத்துப்போச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாக்கா. நூத்துக்கு நூறு."

"அதுதான்டா பிரச்சனை."

"என்ன சொல்றே?"

"அசைன்மென்ட்டை அவர் எழுதவே இல்ல."

"என்னது?"

"அசைன்மென்ட்டை எழுதினது யாரோ, அவங்கதான் அந்தச் சாவு லெட்டரையும் எழுதியிருக்காங்க. அவர் கைப்பட எழுதினது என் கையில இருக்கு. வந்து பாரு. ராத்திரியும் பகலும் மாதிரி இருக்கு."

"அக்கா..." தம்பியின் குரல் இறுகியது. "வீட்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லன்னேன்ல? 'காலேஜுக்கு அனுப்பின அசைன்மென்ட் இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்க'ன்னு எனக்கு வழி சொன்னதே அந்தம்மாதான்."

"அவங்க எங்க வேலை பார்க்கறாங்க?"

"மருந்துக்கடையில. பில் போடறாங்க."

*

மூன்று மணிக்கு அந்தப் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். மருந்துக்கடையில் இருப்பு எண்ணிப் பார்த்ததில் தூக்க மாத்திரை அட்டைகள் நான்கு குறைந்தன.

நான்கு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அசைன்மென்ட் எழுதிக் குடுத்தேன், லெட்டரையும் நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டாங்கக்கா. ஏன்னு கேட்டா வாயே திறக்கல. காப்பி கேஸ்ல அவர் மார்க் போயிடும்னு பயந்து, மார்க்கைக் காப்பாத்தப் புருஷனையே கொன்னுட்டாங்களோ?"

விதி மேடம் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"காப்பாத்த அவருக்கு மார்க் எங்கடா இருக்கு? அசைன்மென்ட்ல முப்பதுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பரீட்சையில எழுபதுக்கு எட்டு, பதினொண்ணு, ஆறு. மூணு வருஷத்துல பாஸ் ஆனது ஒரே ஒரு பாடம்."

"அப்புறம் எதுக்கு?"

அதே கேள்விதான் விதி மேடத்தின் தலைக்குள்ளும் சுற்றியது.

புருஷனுக்கு எஃப்பா டபிள்யூவா என்பதில் அந்தப் பெண்ணுக்கு அக்கறையே இருக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

ரெண்டு பேருக்குமா?

விதி மேடம் இரண்டாவது ஃபைலை இழுத்தார். அந்த மாணவியின் ஃபைல். இதுவரை அதில் அசைன்மென்ட்டைத்தான் பார்த்திருந்தார். சேர்க்கை விண்ணப்பத்தைப் புரட்டியதே இல்லை.

மதிப்பெண்கள்: எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு. பரீட்சையிலும். பாக்கி இருந்தது ஒரே ஒரு முடிவு, 'தலைமைப் பண்பு'.

பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். கணவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

முகவரி: ஒரு மருந்துக்கடை.

மூலையில் ஒட்டியிருந்த போட்டோவிலிருந்து அந்தப் பெண் அவரைப் பார்த்தார்.

பதினோரு மணி விசாரணைக்கு மாணவி வரவில்லை என்று நினைத்தாரே... வந்திருக்கிறார். சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல்.

*

ஸ்டேஷனில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரை யாரும் தொடவில்லை.

விதி மேடம் ஃபைலைத் திறந்து போட்டோ தெரிகிற மாதிரி வைத்தார்.

அந்தப் பெண் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அந்தப் போட்டோ எடுக்கக் கடையிலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஓடினேன்" என்றார். "அதான் தலை கலைஞ்சிருக்கு."

"சொல்லுங்கம்மா."

"ப்ரொமோஷனுக்காகத்தான் அவர் சேர்ந்தார். முதல் அசைன்மென்ட் வந்த அன்னிக்கே என் பக்கம் தள்ளிட்டார். 'சும்மாதானே இருக்கே'ன்னார். கடையில ஒன்பது மணி நேரம் நின்னுட்டு அப்பத்தான் வந்திருந்தேன்."

தம்பி எழுதுவதை நிறுத்தினான்.

"எழுத எழுத எனக்குப் பிடிச்சுப்போச்சு மேடம். அட்மிஷன் இன்னும் முடியல, நானும் சேரட்டுமான்னு கேட்டேன். மூணு நாள் அவர் எங்கூடப் பேசல. நாலாவது நாள் பேசினார்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "பேசாமலே இருந்திருக்கலாம்."

இடது மணிக்கட்டை வலது கை தானாகத் தடவியது. அங்கே எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"அதனால கடை முகவரியைக் குடுத்துச் சேர்ந்தீங்க."

"ஆமா. அவருக்குக் கையால எழுதினேன். எனக்குக் கடை கம்ப்யூட்டர்ல டைப் பண்ணினேன். பதிலை மாத்தி மாத்தித்தான் எழுதினேன். ஆனா யோசிக்கிற தலை ஒண்ணுதானே மேடம்... அந்த ஒரு வரி மட்டும் ரெண்டுலயும் வந்துடுச்சு. வந்ததுகூட எனக்குத் தெரியாது. நோட்டீஸ்ல பார்த்துத்தான் தெரிஞ்சது."

"ரெண்டு நோட்டீஸும் உங்க கைக்கே வந்திருக்கு."

"ஒண்ணு வீட்டுக்கு. ஒண்ணு கடைக்கு. ஒரே நாள்ல." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அவர் குதிச்சார். 'நீ எழுதினதை எவளுக்குடி வித்தே? புதன்கிழமை அவ மூஞ்சியைப் பார்த்து அங்கயே கேட்கறேன்'னார். நான் விலகிடுங்கன்னு சொன்னேன். விதி ஒன்பது விடல. கையேட்டை எடுத்து ஒண்ணுலேர்ந்து படிச்சேன். பதினாலு வரைக்கும்."

தம்பி எழுதிய தாளைத் திருப்பினான்.

"ஒருத்தர் இல்லாமப் போனா ரெண்டு பேர் மேலயும் கேஸ் இல்லன்னு போட்டிருந்தது. என்கிட்ட அஞ்சு நாள்தான் இருந்தது."

விதி மேடத்துக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. அந்த உட்பிரிவு, அந்த அப்பா, அந்த மேஜை. இரக்கப்பட்டு எழுதிய மூன்று வரி.

"ஏம்மா... என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. ரெண்டும் நான் எழுதினதுதான்னு."

"சொன்னா என் மூணு வருஷமும் போயிடுமே."

"போகாது."

அந்தப் பெண் நிமிர்ந்தார்.

"உங்க படிப்பை நீங்கதான் படிச்சீங்க. பரீட்சையை நீங்கதான் எழுதினீங்க. தன்னோட எழுத்தைத் தானே திருட முடியாது. உங்க மார்க்குல யாராலயும் கைவைக்க முடியாது. இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்ததுக்குத் தண்டனை உண்டு. ஒரு பருவம் தள்ளி வைப்போம்."

"ஒரு பருவம்னா?"

"ஆறு மாசம்."

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது முறைதான் வந்தது.

"ஆறு மாசம்."

"ஆமா."

"கையேட்டுல அது இல்லையே மேடம். முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். எந்தத் தப்புக்கு எவ்வளவு தண்டனைன்னு எங்கயும் போடல. 'கடும் நடவடிக்கை'ன்னுதான் போட்டிருந்தது."

போடாதது ஏன் என்று விதி மேடத்துக்குத் தெரியும்.

தண்டனை அட்டவணை அலுவலக உபயோகத்துக்கு மட்டும். மாணவர்கள் கையில் கொடுத்தால் பயம் விட்டுப்போகும் என்று யாரோ ஒரு டைரக்டர் எப்போதோ எழுதிய குறிப்பு. அதை மறுத்து ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை.

முதல் தடவையாக அந்தப் பெண் அழுதார். புருஷனுக்காக அழுகிறாரா, தனக்காக அழுகிறாரா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை. டைரக்டர் மறுபடியும் கதவைச் சாத்தச் சொன்னார். இந்த முறை நாற்காலியைக் காட்டினார்.

"லீவெல்லாம் வேணாம்மா. உங்களாலதான் உண்மையே வெளிய வந்தது. கமிஷனரே போன் பண்ணினார். அந்த விளக்கக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"சரி சார். ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"நிறுத்தி வச்ச ரிசல்ட்டை வெளியிடறதுக்கு."

டைரக்டர் தாளைப் பார்த்தார். பதிவு எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குப் பைத்தியமா? கொலைகாரிக்கு டிகிரியா?"

"ஒரு தரப்பு இறந்தா விசாரணை முடிஞ்சது சார். எப்படி இறந்தார்னு விதி கேட்கல."

"அப்ப விதியை மாத்துங்க."

"மாத்திட்டேன் சார். வரைவு கீழயே இருக்கு. தண்டனை அட்டவணையையும் கையேட்டுல சேர்த்திருக்கேன். ஆனா அதெல்லாம் இனிமே வர்றவங்களுக்கு. இவங்களுக்குப் பழசுதான் செல்லும். அந்தப் பரீட்சையை எழுதினது அவங்கதான். அதுல பொய் கிடையாது."

டைரக்டர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டினார். பிறகு போட்டார். இந்தத் தடவை ஒப்புதல் அதே பக்கத்தில்.

மாலை நாலு மணிக்கு முடிவு வெளியானது. தலைமைப் பண்பு: நூற்றுக்கு எண்பத்தெட்டு. முதல் வகுப்பு. அந்த வருடத்தின் மூன்றாவது இடம்.

விதி மேடம் தம்பிக்குப் போன் செய்தார்.

"அவங்ககிட்ட சொல்லிடுடா. பாஸ் பண்ணிட்டாங்க."

"சொன்னா என்ன கேட்பாங்கன்னு எனக்கு இப்பவே தெரியும்."

"என்ன?"

"நேத்துக் காலையில ரிமாண்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, வேன்ல ஏறிக்கிட்டே கேட்டாங்கக்கா. மேல்படிப்புக்கு அப்ளிகேஷன் எப்பக் குடுப்பாங்கன்னு."

விதி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ என்ன சொன்னே?"

"இனிமே உங்களுக்கு கரஸ் கிடையாதும்மா, ரெகுலர்தான்... ஹாஸ்டலோடன்னேன்."